வாங்கன்னு ஒரு வார்த்தை

வாங்க, வாங்க, உள்ள வாங்க. ஏன் கேட்டைப் பிடிச்சுக்கிட்டே நிக்கீக? இந்த வீட்டுக்கு ஆரு வந்தாலும் நான் வாங்கன்னு சொல்லாம விட்டதில்ல. தபால்காரரா இருந்தாலும் சரி, கோயில் கொடை வசூலுக்கு வந்தவுகளா இருந்தாலும் சரி. இப்படி ஃபேனுக்கு அடியில இருங்க. முதல்ல மோரைக் குடிங்க, பிறகு பேசுவோம்.

டூரு கூட்டிட்டுப் போற ஜெயசிங் அனுப்பினானாக்கும். ஐரோப்பா டூரு எப்படி, வயசானவுக போகலாமா, சாப்பாடு ஒத்துக்கிடுமான்னு என்கிட்ட கேக்கச் சொன்னானா? நல்லாப் போகலாம். சமையல்காரன் கூடவே வாரான். வெனிஸ்ல வத்தக்குழம்பு, ரோம்ல ரசம், நாக்குக்கு ஊரைவிட்டுப் போன ஞாபகமே இருக்காது. முழங்காலுக்கு மட்டும் ஒரு உறை வாங்கிப் போட்டுக்கிடுங்க. ஜோடிக்கு யாரு? இன்னும் முடிவு பண்ணலையா? அட, அதைல்லா முதல்ல பாக்கணும். டூர்ல ஊரு முக்கியமில்ல, ஜோடிதான் முக்கியம். எனக்கு வாய்ச்ச ஜோடி யாருங்கீக? என் நாத்தனா. ஆவுடை. அந்தா படத்துல மாலை போட்டு இருக்காகள்லா, எங்க வீட்டுக்காரக, அவுகளுக்கு ஒரே தங்கச்சி.

என் மகன்தான் ஏற்பாடு பண்ணினான். "அம்மா, மாமா போனதுலேருந்து அத்தையும் தனியாத்தானே இருக்கா, ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்துக்கிடுங்க"ன்னான். நான் உடனே சரின்னுட்டேன். அவனுக்கே ஆச்சரியம். நானும் அவளும் முகங்கொடுத்துப் பேசினதில்லன்னு அவனுக்குத் தெரியும், காரணம் தெரியாது. இவளை ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் கைக்குள்ள கொண்டாந்து கொடுன்னு நெல்லையப்பர்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தவ நான். சாமி லேட்டாக் கொடுத்தாலும் விமான டிக்கெட்டோட கொடுத்துச்சு பாத்துக்கிடுங்க.

என்ன பகைன்னா கேக்கீக? சொல்லுதேன். சொன்னா நீங்களே சொல்லுவீக, நான் செஞ்சது காணாது, பத்தாதுன்னு.

நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த புதுசு. ஆவுடைக்குப் பதினாறு வயசு இருக்கும். நான் மாசமா இருக்கேன், மசக்கை. புளிப்பு மாங்காய்க்கு நாக்கு கிடந்து அலையுது. எங்கப்பா கேள்விப்பட்டு, ஒரு ஓலைப்பெட்டி நிறைய மாங்காயோட அம்பாசமுத்திரத்துலேருந்து பஸ் ஏறி வந்தாக. சித்திரை வெயில். அன்னைக்குப் பாத்து நானும் மாமியாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம். வீட்டுல இவ மட்டுந்தான். கேட்டுக்கு எதுத்தாப்புல ஒரு சின்ன ரூம், ஒத்தை ஜன்னல் தெரியுதுல்லா? அதுலதான் இருந்திருக்கா. எங்கப்பா தலையில பெட்டியோட கேட்டுல நின்னு, "வீட்ல யாரும்மா?"ன்னு கூப்பிட்டிருக்காக. இவ ஜன்னல் வழியாப் பாத்திருக்கா. எங்கப்பாவும் அவளைப் பாத்துட்டாக. பாத்தவ என்ன செஞ்சாங்கீக? ஜன்னலைச் சாத்திட்டா.

வான்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லல. பொண்ணைக் கொடுத்த மனுசன், வான்னு சொல்லாத வீட்டுப் படியேறுவாகளா? நீங்க இப்ப நின்னீகள்லா, அதே இடத்துல நின்னுருக்காக. எதுத்த வீட்டு அம்மா பாத்துட்டு வந்து சொன்னாக, மிச்சத்தை என் தம்பி பிறகு சொன்னான். ஒரு வாய் தண்ணி இல்ல. பைய திரும்பி நடந்து, பஸ் ஸ்டாண்டுல நின்ன பசு மாட்டுக்கு முன்னால பெட்டியைக் கவுத்திட்டு ஊருக்குப் போயிட்டாக. மசக்கைக்காரி மகளுக்குக் கொண்டுவந்த மாங்காய், மாடு தின்னுட்டு.

அதுக்குப் பிறகு எங்கப்பா இந்த வாசலை மிதிக்கல. சாகுற வரைக்கும் மிதிக்கல. பொங்கலுக்குப் பொங்கப்படிச் சீர் கொண்டுவந்தாக்கூட தெருமுக்குப் பிள்ளையார் கோயில்ல நின்னுக்கிட்டு, என் தம்பிகிட்ட கொடுத்துவிடுவாக. நான் ஓடிப்போய் அங்கனயே பாத்துட்டு வருவேன். பெத்த தகப்பனை நடுத்தெருவுல வச்சுப் பாக்கது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியவேண்டாம்.

அன்னைக்கு மூடினேன் வாயை. அந்த ஆவுடைகிட்ட நல்லது பொல்லாதது எதுவும் பேசினதில்ல. பிறகு ஒருநாள், மைனி மைனின்னு அடுப்படிக்கு வந்து நின்னா. என்னமோ சொல்ல வந்தா. நான் கரண்டியைத் தட்டின தட்டுல போயிட்டா. கல்யாணமாகிப் போகும்போது கால்ல விழுந்தா. திருநீறு பூசினேன், வாயைத் திறக்கல. என் வைராக்கியம் அப்படி.

இருங்க, இன்னொரு டம்ளர் ஊத்துதேன். டூருக்கு வாரேன்.

பொம்பெயின்னு ஒரு ஊரு. ரோமாபுரி ராசாக்க காலத்து ஊரு. பக்கத்துல ஒரு மலை, அது நெருப்பைக் கக்கி, ஊரு மொத்தத்தையும் சாம்பல் மூடிட்டு. இப்பத் தோண்டி எடுத்து வச்சிருக்கான். பாக்கணும் நீங்க. தெரு அப்படியே இருக்கு, நடைபாதை இருக்கு, வண்டிச்சக்கரம் உரசின தடம் கல்லுல இருக்கு. சாப்பாட்டுக்கடை இருக்கு, மேடையில பானை வைக்க ஓட்டை ஓட்டையா இருக்கு. எல்லாம் இருக்கு, கூரைதான் இல்ல. வெயிலு மண்டையைப் பிளக்கு. வெள்ளைக்காரி ஒருத்தி குடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முன்னால போறா, இங்கிலீசுல சொல்லுதா, ஜெயசிங் அதைத் தமிழ்ல சொல்லுதான். நம்ம காதுல ஒரு மிசின் மாட்டிவிட்டிருக்கும், அதுல கேக்கும். செத்தவுக விழுந்து கிடந்த மேனிக்குச் சுண்ணாம்புல வார்த்து கண்ணாடிக்குள்ள வச்சிருக்கான். ஒருத்தி முகத்தை மூடிக்கிட்டு குப்புறக் கிடக்கா. ஆவுடை அதைப் பாத்து, "பாவம் மைனி"ன்னா. அவுகளை நெருப்பு கொன்னுச்சு, நீ ஒரு ஜன்னலைச் சாத்தியே ஒரு மனுசனைக் கொன்னியேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

இப்பக் கவனமாக் கேளுங்க. ஒரு பெரிய வீடு. யாரோ பெரிய பணக்காரன் வீடாம். வாசல்ல, தரையில, கலர் கலரா கல்லுப் பதிச்சு நாலு எழுத்து எழுதியிருக்கு. ஜெயசிங் காதுக்குள்ள சொல்லுதான்: "எல்லாரும் கீழ பாருங்க. இது லத்தீன். வாரவங்களைப் பாத்து வாங்கன்னு சொல்ற மாதிரி, வாசல்லயே எழுதி வச்சிருக்காங்க."

எனக்கு அந்தானிக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறிட்டு. வீட்டுக்காரன் செத்து ரெண்டாயிரம் வருசம் ஆகுது. அவன் பொண்டாட்டி இல்ல, பிள்ள இல்ல, கூரை இல்ல. ஆனாலும் அவன் வாசல் போறவன் வாரவனையெல்லாம் வாங்க வாங்கங்குது. உசுரோட இருந்த இவளுக்கு அந்த வார்த்தை வரல. கல்லுக்கு வந்த வார்த்தை இவளுக்கு வரல. திரும்பிப் பாத்தா, அந்த எழுத்துப் பக்கத்துலயே நிக்கா. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு அதையே பாத்துக்கிட்டு நிக்கா.

எல்லாரும் உள்ள போய்ப் பாத்துட்டு வந்தாச்சு. அடுத்த தெருவுக்குக் கிளம்புதாக. நான் அவகிட்ட போனேன். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு நானா அவகிட்ட பேசினது அதுதான்.

"ஏளா, முழங்கால் வலிக்கா?"

"ஆமா மைனி."

"அப்ப இந்த வாசல்லயே உக்காரு. நாங்க சுத்திட்டு இந்த வழியாத்தான் திரும்பி வருவோம். நான் வந்து கூப்பிட்டுக்கிடுதேன்."

பொய். திரும்பி அந்த வழியா வாரதே கிடையாது. வெளிய போற வழி ஊருக்கு அந்தக் கடைசியில, பஸ் அங்கதான் நிக்கும். காலையிலயே ஜெயசிங் சொன்னான், எல்லாரும் கேட்டாக, அவளுந்தான் கேட்டா. ஆனாலும் மாட்டுக்கன்னு மாதிரி தலையை ஆட்டிட்டு உக்காந்துட்டா. ரெண்டு பேருக்கும் தண்ணி பாட்டில் ஒண்ணுதான், அதை எடுத்து என் பையில போட்டேன். எங்கப்பாவுக்கு யாரு தண்ணி கொடுத்தா? இவ சக்கரைக்காரி, நேரத்துக்குச் சாப்பிடலைன்னா கை நடுங்கும். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன். ஒரு ஆளு அடுத்தவன் வாசல்ல, வெயில்ல, வான்னு கூப்பிட நாதியில்லாம காத்துக் கிடந்தா எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?

ஜெயசிங் கண்டுபிடிக்கலையான்னு கேப்பீக. அவன்கிட்ட ஒரு பழக்கம். தலையை எண்ண மாட்டான். முன்ன ஒரு டூர்ல அவன் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணப்போய், ஆளை எண்ணினா கண்ணு பட்டுரும்னு நம்ம பொம்பளைக சண்டைக்கு வந்துட்டாகளாம். அன்னையிலேருந்து எண்ணுறதில்ல. "ஜோடி இருக்கா?"ன்னு மட்டும் கேப்பான். அவுகவுக ஜோடிக்கு அவுகவுகதான் பொறுப்பு. நான் சொல்லலைன்னா ஆவுடை காணாமப் போனது அந்த ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது.

நாடகக் கொட்டகை மாதிரி ஒரு இடம், படிக்கட்டு படிக்கட்டா. அங்கன வச்சுக் கேட்டான். "சண்பகம்மா, ஜோடி இருக்கா?"

"இருக்கா."

"எங்கம்மா காணோம்?"

"பின்னால வாரா."

நாக்கு கூசாம எப்படிச் சொன்னேன் பாத்தீகளா. பிறகு வெளிய வந்து மரத்தடியில புளியோதரைப் பொட்டலம். "ஜோடி?"ன்னான். "பாத்ரூம் போயிருக்கா"ன்னேன். ரெண்டு பொட்டலமா என் கையில கொடுத்துட்டுப் போயிட்டான். நான் சாப்பிடல. புளி சரியில்ல அன்னைக்கு. மத்தவுகள்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னு தின்னாக, அவுகளுக்கு ருசி தெரியல, அவ்வளவுதான்.

பஸ்ல ஏறி உக்காந்தாச்சு. ஏசி குளுகுளுன்னு இருக்கு. என் பக்கத்து சீட்டு காலி. அது மேல பொட்டலத்தை வச்சேன். பொட்டலம் சூடா இருந்துச்சு. ஜெயசிங் ஒவ்வொரு வரிசையாக் கேட்டுக்கிட்டே வாரான். ஜோடி இருக்கா, இருக்கு. ஜோடி இருக்கா, இருக்கு. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கு. பயம் இல்ல, சந்தோசம். இன்னும் ஒரே ஒரு 'இருக்கா'. அதைச் சொல்லிட்டா பஸ் கிளம்பிரும். ராத்திரி ஓட்டலுக்குப் போன பிறகு தெரியட்டும், போலீஸ் தேடட்டும். பாஷை தெரியாத ஊர்ல அவ ஜன்னல் ஜன்னலாப் பாத்துக்கிட்டு நிக்கட்டும்.

"சண்பகம்மா, ஜோடி இருக்கா?"

இருக்கான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாச் சொல்லுதேன், அதுக்குத்தான் திறந்தேன். இந்த எழவு வாய் "இல்ல"ன்னுட்டு.

இன்னிக்கும் அதை நினைச்சா எனக்கு ஆத்திரமா வருது. கட்டினவுக செத்தன்னைக்குக்கூட என் பேச்சைக் கேட்டு அழாம இருந்த வாய் இது. அன்னைக்குக் காலை வாரிட்டு.

ஜெயசிங்குக்கு முகம் வெளுத்துட்டு. என்னையும் இழுத்துக்கிட்டு ஓடுதான். வெளிய வந்தவுகளைத் திரும்ப உள்ள விடமாட்டோம்னு கேட்டுல ஒருத்தன் கையை நீட்டி மறிக்கான். இவன் கையைக் காலைப் பிடிக்கான். நான் அந்த ஆளுகிட்ட, "வயசான பொம்பளை தம்பி, சக்கரைக்காரி"ன்னு தமிழ்ல கத்துதேன். அவனுக்கு என்ன புரிஞ்சுச்சோ, விட்டுட்டான். அந்தக் கல்லுத் தெருவுல நான் ஓடின ஓட்டம், என் கல்யாண வயசுல ஓடியிருக்க மாட்டேன். ஜெயசிங் பின்னால வாரான். என்னடா இப்படி ஓடுதோம்னு எனக்கே தெரியல. அவ செத்துக்கித்துப் போயிட்டா என் மேல பழி வந்துரும்லா, அதான்.

போய்ப் பாத்தா, அழுதுக்கிட்டு இருப்பாங்கீக? மயங்கிக் கிடப்பாங்கீக?

அந்த எழுத்துக்குப் பக்கத்துல, வாசக்கல்லு மேல, நிமிந்து உக்காந்திருக்கா. அந்த வீட்டைப் பாக்க வாரவன் போறவன் எல்லாரையும் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க, வாங்க"ங்கா. சப்பைமூக்கு சப்பான்காரன் வாரான், அவனை "வாங்க"ங்கா. அரைக்கால் டவுசர் போட்ட அமெரிக்காக்காரி வாரா, "வாங்க, உள்ள வாங்க"ங்கா. அவுகளும் திருப்பிக் கும்பிட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு, உள்ள போறாக. கை நடுங்குது. உதடு வெடிச்சிருக்கு. ஆனாலும் கும்பிடுதா.

என்னைப் பாத்துட்டா. எந்திரிக்கப் பாத்தா, முழங்கால் விடல. உக்காந்தமேனிக்கே கையைக் கூப்பி, "வாங்க மைனி. வாங்க. வெயில்ல வந்திருக்கீக, உள்ள வாங்க"ன்னா.

"ஏளா, என்ன கோட்டித்தனம் பண்ணுத?"

"வீட்டுக்காரக இல்லைல்லா மைனி. வாரவுகளை யாராச்சும் வாங்கன்னு சொல்லணும்லா."

நான் பாட்டிலை நீட்டினேன். நீட்டாம? ஜெயசிங் பாத்துக்கிட்டு நிக்கான்லா. குடிச்சா. பொட்டலத்தைப் பிரிச்சுக் கொடுத்தேன், அள்ளி அள்ளித் தின்னா. தின்னுக்கிட்டே சொல்லுதா: "அன்னைக்கு உங்கப்பாவை, மாமாவை, வாங்கன்னு சொல்லியிருக்கணும் மைனி."

யாரு கேட்டா? நான் கேட்டனா? அவளாச் சொல்லுதா. "அன்னைக்கு நான் வீட்டுக்குத் தூரம் மைனி. ரெண்டாம் நாள். ஆம்பளை யாரு வந்தாலும் முகத்தைக் காட்டக்கூடாது, குரல் கொடுக்கக்கூடாது, ஜன்னலைச் சாத்திக்கோன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருந்தா. மாமா தலையில மாங்காய்ப் பெட்டி. மாசமா இருக்கவுகளுக்குக் கொண்டுவந்த பண்டம். என் பார்வை பட்டு உங்களுக்கு, வயித்துல இருக்க பிள்ளைக்கு, ஏதாவது ஆயிட்டா? அந்தப் பயத்துல படக்குன்னு சாத்திட்டேன். பிறகு உங்ககிட்ட சொல்ல அடுப்படிக்கு வந்தேன். நீங்க திரும்பிப் பாக்கல."

கேட்டீகளா கதையை? கட்டின புருசனுக இருந்தவரைக்கும் சொல்லல, ரெண்டு பேரும் சாம்பலான பிறகு வந்து சொல்லுதா. அந்தச் சின்ன ரூம் அதுக்குன்னு உள்ள ரூம்தான், எனக்குத் தெரியாதா, நானும் மாசாமாசம் அதுல இருந்திருக்கேன். அதுக்காக? தூரம்னா உடம்புக்குத்தானே, வாய்க்குமா தூரம்? ஜன்னலைச் சாத்திட்டு உள்ள இருந்தே வாங்கன்னு சொல்லியிருக்கலாம்லா? நீங்களே சொல்லுங்க. ஏன் டம்ளரைக் கீழ வச்சுட்டீக? மோரைக் குடிங்க.

அதுகூடப் பரவாயில்ல. அடுத்து ஒண்ணு சொன்னா பாருங்க. "நீங்க திரும்பி வரமாட்டீகன்னு தெரியும் மைனி. தண்ணி பாட்டிலை எடுத்தீக பாத்தீகளா, அப்பவே தெரியும். மாமா நின்ன மாதிரி நானும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னுதான் உக்காந்தேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அவளாத் தெரிஞ்சு உக்காந்தாளாம். அப்ப நான் செஞ்சது என்ன? எத்தனை வருசம் காத்திருந்து, ஏழு கடல் தாண்டிக் கொண்டுபோய் நான் வாங்கின பழியை, அவ பிரசாதம் மாதிரி ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. பழி வாங்கினவளுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. சண்டாளி, அதுலயும் என்னைத் தோக்கடிச்சுட்டா. திரும்பி வரும்போது முழங்கால் வலின்னு என் தோளைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. நான் உதறல. உதறினா விழுந்து தொலைப்பா, பிறகு அவளைத் தூக்கது யாரு?

ஊருக்கு வந்தும் விட்டாளா? ஆறின பகையைக்கூட ஊதிவிடுதா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா மத்தியான வெயில்ல, பை நிறைய மாங்காயோட வந்து அந்தக் கேட்டுல நிக்கா. இது அவ பிறந்த வீடு. நேரா உள்ள வர அவளுக்கு யாரு உத்தரவு வேணும்? வரமாட்டா. வான்னு நான் சொன்னாத்தான் வருவாளாம். நான் இந்த நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அவளும் என்னைப் பாத்துக்கிட்டே நிப்பா. பிறகு பையைக் கேட்டுல மாட்டிட்டுப் போயிருவா. அடுப்படியில போய்ப் பாருங்க, ரெண்டு ஜாடி ஊறுகா போட்டு வச்சிருக்கேன். மாங்காய் என்ன பாவம் பண்ணுச்சு?

இந்தா, கேட் சத்தம் கேக்குதுல்லா. அவதான். திரும்பிப் பாக்காதீக, நாம பேசுததாத் தெரியவேண்டாம். நிக்கட்டும். எங்கப்பா நிக்கலையா? நிக்கட்டும்.

என்ன, கிளம்புதீகளா? இருங்களேன், வெயில் தாழட்டும். சரி, போகணும்னா போங்க. டூருக்குப் போறதுன்னா ஜோடியைப் பாத்துப் பிடிங்க, அவ்வளவுதான் நான் சொல்லுதது. கதவுக்குப் பின்னால குடை இருக்கும், எடுத்து அவ கையில கொடுத்துட்டுப் போங்க. அவளுக்கு இல்ல, மாங்காய் வாடிரும்.

பிறகு, இங்க பாருங்க. கேட்டைத் தாண்டும்போது அவளைப் பாத்து ஒரு வார்த்தை, உள்ள வாங்கன்னு, நீங்களாச் சொல்லுத மாதிரி சொல்லிட்டுப் போங்க. நீங்க வேத்தாளு, நீங்க சொன்னா அது சேத்தி இல்ல.

கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அவளுக்கு இப்பக் காது சரியாக் கேக்கதில்ல.